ஃபார்மல் நைட்டுக்குப் பட்டா, கோட்டா?

போன இதழில் கப்பல் சுற்றுலாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில், "ஒன்றிரண்டு இரவுகள் ஃபார்மல் நைட் என்று வரும், அதற்குத் தனியாக ஒரு உடை எடுத்து வையுங்கள்" என்று ஒரே ஒரு வரி. எல்லாரும் விசேஷ உடை உடுத்திக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருகிற இரவுதான் அது. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. விசா, கடல் குமட்டல், இன்ஷூரன்ஸ் பற்றியெல்லாம் யாருக்கும் கவலை இல்லை போலிருக்கிறது. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மகன் லண்டனில் இருக்கிறான். எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் வரை குவீன் மேரி 2 கப்பலில் ஏழு இரவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். அதில் 'காலா ஈவினிங்' என்று இரண்டு நாள் வருமாம், கோட் சூட் வேண்டும் என்கிறான். என் கணவர் எங்கள் கல்யாண ரிசப்ஷனுக்குப் பிறகு கோட் பக்கமே போனதில்லை. "வேட்டி கட்டித்தான் வருவேன், விடாவிட்டால் ரூமிலேயே தயிர் சாதம் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று ஒரே பிடிவாதம். வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்களா?
— ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அட்லாண்டிக் நடுவில் கோட் கிடைத்தாலும் கிடைக்கும், தயிர் சாதம் கிடைப்பதுதான் கஷ்டம். அதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் குவீன் மேரி 2 குனார்ட் கம்பெனியுடையது. அவர்கள் கப்பல்கள் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிடக் கறார்தான், மறைக்க வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் கப்பலின் பெரும்பாலான இடங்களில் ஒழுங்கான உடை வேண்டும். காலா இரவில், அதாவது அவர்களுடைய ஃபார்மல் நைட்டில், ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் என்கிற விருந்துக் கோட்டு அல்லது அடர்நிற சூட், போ டை அல்லது சாதாரண டை. ஆனால் உங்கள் மகன் பாதியோடு படிப்பதை நிறுத்திவிட்டார். அதே பட்டியலில், அவரவர் நாட்டு மரபு உடையும் ஏற்கப்படும் என்று இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் கட்டிக்கொண்டு முழங்கால் தெரிய வந்து உட்காரும் அதே சாப்பாட்டு அறையில், கணுக்கால் வரை வேட்டி கட்டிய ஒருவரை யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

நம் ஊரிலேயே வேட்டிக்கு ஒரு சட்டம் போட வேண்டிவந்தது என்பது ஞாபகம் இருக்கும். 2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் நடந்த விழாவுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியை வாசலிலேயே நிறுத்தினார்கள். அந்த வருஷமே, பொது இடங்களிலும் கிளப்களிலும் வேட்டியைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்று சட்டசபையில் சட்டம் வந்தது. கூத்து என்னவென்றால், அந்த கிளப்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரர்களின் கப்பலில், விதியிலேயே நம் உடைக்கு இடம் இருக்கிறது.

ஒரே ஒரு நிபந்தனை, இது என் நிபந்தனை, கப்பலுடையது இல்லை. அது விசேஷத்துக்குக் கட்டுகிற வேட்டியாக இருக்க வேண்டும், வீட்டில் பேப்பர் படிக்கும்போது கட்டுகிற வேட்டி வேண்டாம். பட்டு வேட்டி, நன்றாகத் தேய்த்த முழுக்கைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம். முடிந்தால் மேலே ஒரு ஜோத்பூரி கோட்டு. கழுத்துவரை பொத்தான் போட்ட அந்தக் கோட்டு வேட்டிக்கு மேலே அத்தனை அழகாக இருக்கும், டையும் தேவைப்படாது. சாப்பாட்டு அறையில் ஏசி போட்டுத் தாளிப்பார்கள், அதற்கும் ஆச்சு. வெல்க்ரோ வைத்த ஒட்டிக்கோ வேட்டியே வாங்கிவிடுங்கள், அல்லது உள்ளே பெல்ட் போடச் சொல்லுங்கள். வட அட்லாண்டிக் அமைதியான கடல் கிடையாது, கைப்பிடியைப் பிடிப்பதா வேட்டியைப் பிடிப்பதா என்ற நிலைமை வரக் கூடாது. காலுக்கு ரப்பர் செருப்பு கூடாது. மூடிய தோல் செருப்போ, ராஜஸ்தானி மோஜரியோ சரியாக இருக்கும். அப்புறம், மடித்துக் கட்டக் கூடாது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சொல்லிவிடுங்கள். சாப்பிட்டு முடித்து எழுந்ததும் கை தானாகக் கீழே போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு அடித்துக்கொண்டால், மகனை விட்டு கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லி, வேட்டி கட்டிய போட்டோ ஒன்றையும் இணைத்து, பதிலை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் காட்டலாம். கேட்க மாட்டார்கள்.

மற்ற ஐந்து இரவுக்கும் காலர் வைத்த சட்டை, பேன்ட், மேலே ஒரு பிளேசர் இருந்தால் போதும். மேற்கே போகிற பயணம் என்பதால் பெரும்பாலான ராத்திரிகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அந்த நாளெல்லாம் உங்களுக்கு இருபத்தைந்து மணி நேரம். புடவை கட்ட அவசரமே இல்லை.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு கப்பலில் போகிறோம், நாங்கள் இருவர், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு வாண்டுகள். ஃபார்மல் நைட்டுக்காகவே வீட்டுக்காரருக்கு சூட் தைக்கக் கொடுக்கலாமா? தையற்கூலியோடு பார்த்தால் ஒரு ஆள் டிக்கெட் காசு வரும்போலிருக்கிறது.
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள்! தாம்பரத்துக்குச் சொன்னதை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு கப்பல், வேறு உலகம். ராயல் கரீபியன் மாதிரி குடும்பக் கப்பல்களில் நான்கு இரவு போனால் அப்படி ஒரே ஒரு ராத்திரிதான் வரும், ஏழு இரவு என்றால் இரண்டு. பெயர்தான் பெரிசு. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு மேஜையில் டக்ஸிடோ (டின்னர் ஜாக்கெட்டுக்கு அமெரிக்கப் பெயர்), பக்கத்து மேஜையில் கட்டம் போட்ட சட்டை, அதற்கடுத்த மேஜையில் ஒரே நிறத்தில் ஆறு பேர் யூனிஃபார்ம் மாதிரி பாத்திக் சட்டை. கறுப்பு பேன்ட்டும் வெள்ளை முழுக்கைச் சட்டையும் அவரிடம் இல்லாமலா இருக்கும்? மேலே ஒரு பழைய பிளேசர் இருந்தால் போட்டுக்கொள்ளட்டும், இல்லையென்றால் தீபாவளிக்கு எடுத்த குர்தா. ஷார்ட்ஸ், கையில்லாத பனியன், குளியலறைச் செருப்பு, இந்த மூன்றும் எந்த ராத்திரியும் மெயின் டைனிங் ரூமுக்கு ஆகாது.

பெண் குழந்தை என்றால் பட்டுப்பாவாடை எடுத்துப் போங்கள், சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஆனால் உள்ளே மெல்லிய பருத்தி பெட்டிக்கோட் இல்லாமல் போட்டுவிடாதீர்கள். ஜரிகை குத்தி, சூப் வருவதற்குள் "அம்மா அரிக்குது" என்று ஆரம்பித்துவிடும். பையனுக்கு வெள்ளைச் சட்டை, பேன்ட். முழு டின்னர் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, ஐந்து வயசு அத்தனை நேரம் உட்காராது. அதனால் இரண்டு வேளை டின்னர் நேரத்தில் முதல் வேளையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பாடு சைவம் என்றால் அதையும் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டுமே முடியாமல் போனாலும் பதறாதீர்கள், மேல்தளத்து பஃபே அன்றைக்கும் திறந்துதான் இருக்கும். அங்கே பாவாடையும் வேண்டாம், பிளேசரும் வேண்டாம்.

கேள்வி: கறுப்பு ஜீன்ஸ் போடலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: மற்ற நாட்களில் பெரும்பாலான கப்பல்களில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு ராத்திரி மட்டும் வேண்டாமே. பேன்ட் இருக்கிறதல்லவா?

கேள்வி: காஞ்சிபுரம் பட்டு எடுத்துப்போனால் உப்புக் காற்றில் ஜரிகை கறுத்துவிடும் என்று நாத்தனார் பயமுறுத்துகிறாள். கசங்கினால் அயர்ன் செய்ய வசதி இருக்குமா? நகை போடலாமா? எத்தனை புடவை? முழுக்கச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

உப்புக் காற்று பயம் பாதி நிஜம். சாப்பாட்டு அறை, தியேட்டர், நடன அறை எல்லாமே மூடின ஏசி அறைகள், அங்கே பட்டுக்கு ஒன்றும் ஆகாது. திறந்த மேல்தளத்தில் போய் நின்று போட்டோ எடுக்க ஆசைப்படும்போதுதான் வம்பு. காற்று முந்தானையைப் பிடுங்கும், ஈரம் ஒட்டும், கம்பிப்பிடியில் காய்ந்திருக்கிற உப்பு பட்டில் ஏறும். ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். ராத்திரி அவிழ்த்ததும் மடித்து வைக்காமல் ஒரு மணி நேரமாவது அறைக்குள் ஹேங்கரில் காற்றாட விடுங்கள்.

அயர்ன் விஷயத்தில் என் சொந்தக் கதை ஒன்று உண்டு. முதல் தடவை கப்பல் ஏறும்போது கைக்கு அடக்கமான ஒரு டிராவல் அயர்ன் பாக்ஸைப் புடவைகளுக்கு நடுவில் பத்திரமாகச் சுருட்டி வைத்திருந்தேன். சாயங்காலம் எல்லார் பெட்டியும் அறை வாசலுக்கு வந்துவிட்டது, என் பெட்டியை மட்டும் காணோம். விசாரித்தால், கீழ்த்தளத்தில் ஒரு அறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே எனக்கு முன்னால் ஒரு வரிசையே நிற்கிறது. ஒருவர் கையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இன்னொருவர் அரிசி குக்கர். நம்மவர்தான், கேட்கவே வேண்டாம். தீப்பிடிக்கும் என்ற பயத்தில் கப்பல்களில் அயர்ன் பாக்ஸ், ஸ்டீமர், சூடாகும் பாத்திரம் எதையும் அறைக்குள் விடமாட்டார்கள். எழுதி வாங்கிக்கொண்டு கடைசி நாள் காலையில் திருப்பிக் கொடுத்தார்கள். அது ஊரைச் சுற்றிப் பார்க்காமலே ஊர் திரும்பியது.

அப்போ என்ன செய்வது? குனார்ட், பிரின்சஸ் கப்பல்களில் பயணிகளே போய்த் துணி துவைத்துத் தேய்த்துக்கொள்ள அறை இருக்கும், ஃபார்மல் நைட் அன்று மத்தியானம் அங்கே போனால் கப்பல் வம்பு முழுக்கக் கேட்டுவிட்டு வரலாம். ராயல் கரீபியனில் அது கிடையாது. அறையைக் கவனிக்கும் ஊழியரிடம் கொடுத்தால் காசு வாங்கிக்கொண்டு தேய்த்துத் தருவார்கள். ஆனால் பட்டை அப்படிக் கொடுக்க எனக்கு மனசு வராது. கோட்டு தேய்க்கிற சூட்டில் ஜரிகையை அழுத்தினால் முடிந்தது கதை. சிலர் குளியலறையில் வெந்நீர் ஆவியில் தொங்கவிடுங்கள் என்பார்கள். கிரேப், ஷிஃபானுக்கு அது சரி, கனமான ஜரிகைப் பட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

கசங்காமல் கொண்டுபோவதுதான் ஒரே வழி. எங்கள் அம்மா பீரோவில் வைப்பது மாதிரி, பழைய நூல் வேட்டியைத் துவைத்து, கஞ்சி இல்லாமல் காயவைத்து, அதைப் புடவைக்கு உள்ளேயும் ஒரு மடிப்பு வைத்து வெளியேயும் சுற்றிவிடுவேன். ஜரிகைக் கரை உள்பக்கமாக இருக்கட்டும். பெட்டியில் அடியில் வேண்டாம், மேலாக. அறைக்குப் போனவுடன் செய்கிற முதல் வேலை அதை எடுத்து ஹேங்கரில் போடுவது. ஃபார்மல் நைட் ஏறிய அன்றே வராது, பெட்டி வந்து சேர நேரமாகும் என்று அவர்களுக்கே தெரியும். பெரும்பாலும் துறைமுகத்தில் நிற்காமல் கடலிலேயே இருக்கிற நாளில்தான் வைப்பார்கள். அதனால் ஒரு நாளாவது தொங்க அவகாசம் கிடைக்கும். நாளும் நேரமும் அறைக்கு வரும் தினசரித் தாளிலோ கப்பல் ஆப்பிலோ இருக்கும்.

எத்தனை புடவை என்றால், ஏழு இரவுக்கு இரண்டு. ஒன்று பட்டு, ஒன்று மைசூர் கிரேப்போ சாஃப்ட் சில்க்கோ. நல்ல காஞ்சிபுரம் ஒரு புடவையே முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று எடை வந்துவிடும், லண்டனிலிருந்து ரயிலிலோ காரிலோ சவுத்தாம்ப்டன் போகிறவர்களுக்குப் பரவாயில்லை, விமானத்தில் போய் ஏறுகிறவர்கள் யோசிக்க வேண்டும். கறுப்பு வெள்ளை இரவு, முகமூடி இரவு, சிவப்பும் தங்கமும் என்றெல்லாம் சில கப்பல்களில் கருப்பொருள் வைப்பார்கள். சிவப்பும் தங்கமும் என்றால் நம் பீரோவுக்காகவே யாரோ யோசித்து வைத்த பெயர். கறுப்பு வெள்ளைக்குக் கறுப்புப் பட்டு வாங்கப் போனால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அரைவெள்ளையில் கறுப்புக் கரை போட்ட புடவை ஒன்று எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சமாதானம். கட்டாயமும் இல்லை.

முந்தானையை ஒற்றையாகத் தொங்கவிடுவது கல்யாண மண்டபத்துக்கு அழகு, கப்பலுக்கு ஆபத்து. ஒரு ஃபார்மல் நைட்டில் வெயிட்டர் மிக மரியாதையாக என் நாற்காலியை முன்னால் தள்ளிவிட்டார். அப்போது முந்தானையின் நுனி நாற்காலிக் காலுக்கு அடியில் போயிருக்கிறது, தெரியவில்லை. சாப்பிட்டு முடித்து நான் எழுந்தேன், முந்தானை எழவில்லை. தோளில் குத்தியிருந்த ஊக்கு ஜாக்கெட்டையும் சேர்த்துக் கிழித்தது. மடிப்பு வைத்து ஊக்குக் குத்திக்கொள்ளுங்கள், உட்கார்ந்ததும் முந்தானையை மடியில் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த வெயிட்டர் கொண்டுவந்து கொடுத்த மேஜைத்துணியைப் போர்த்திக்கொண்டு நான் லிஃப்ட்டுக்கு நடந்ததை எங்கள் வீட்டில் இன்னும் விடவில்லை.

நகைக்குக் கவரிங் போதும். அறையில் சின்ன லாக்கர் இருக்கும்தான், ஆனாலும் பத்து நாள் அதை நினைத்துக்கொண்டே இருப்பதற்காகவா டிக்கெட் வாங்கினீர்கள்? தாலிக்கொடி, ஒரு ஜோடி தோடு, மீதி கவரிங். அந்த விளக்கு வெளிச்சத்தில் நாத்தனாருக்கே வித்தியாசம் தெரியாது.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, மூட்டு வலி. ஸ்போர்ட்ஸ் ஷூ இல்லாமல் நடக்க முடியாது. புடவைக்குக் கீழே ஷூவா என்று கூச்சப்படுகிறார்.
— ஒரு வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: புடவையைத் தரைதொடக் கட்டிவிட்டால் கப்பலில் எவர் கண்ணுக்கும் தெரியாது. வெள்ளையில் பச்சைக் கோடு போட்டது வேண்டாம், கறுப்பில் ஒன்று வாங்கிவிடுங்கள். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டே புடவை கட்டட்டும், உயரம் அப்போதுதான் சரியாக வரும். உண்மையைச் சொன்னால் கூச்சப்பட வேண்டியது ஊசிக் குதிகால் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான். கப்பல் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி நடப்பார்கள்.

கேள்வி: விடுமுறைக்குப் போகிற இடத்தில் எதற்கு இந்த வேஷம்? யார் ஆரம்பித்து வைத்தது? வெள்ளைக்காரன் விட்டுப்போன அடிமைப் புத்தி என்கிறேன் நான்.
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கோபம் புரிகிறது. கதையைக் கேட்டுவிட்டு மிச்சம் இருந்தால் கோபப்படுங்கள்.

விமானம் வராத காலத்தில் கப்பல் என்பது சுற்றுலா கிடையாது, பயணம். இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கோ கொழும்புக்கோ வாரக்கணக்கில். முதல் வகுப்பில் வருகிறவர்கள் ஊரில் வீட்டிலேயே ராத்திரிச் சாப்பாட்டுக்கு உடை மாற்றுகிறவர்கள், அதே பழக்கத்தைக் கப்பலுக்கும் கொண்டுவந்தார்கள். அப்போதும் முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் விதிவிலக்கு, பெட்டி பிரிக்கவும் கட்டவும் வேண்டுமே. இன்றும் ஏறிய அன்றைக்கு ஃபார்மல் நைட் வைக்காததற்கு அதே காரணம்தான்.

இன்னொரு வேடிக்கை. இன்று எல்லாரும் பயப்படுகிற இந்த டின்னர் ஜாக்கெட், பிறந்தபோது வீட்டோடு போடுகிற உடை. 1865-ல் லண்டன் சாவில் ரோவில் இருந்த ஹென்றி பூல் என்ற தையல் கடை, அப்போது இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்டுக்கு, நீள வால் வைத்த கோட்டைக் குட்டையாக்கித் தைத்துக் கொடுத்தது, சாண்ட்ரிங்காம் மாளிகையில் நெருங்கியவர்களோடு சாவகாசமாகச் சாப்பிட உட்காருவதற்காக. அதாவது அன்றைய நைட் பேன்ட் டீ ஷர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அமெரிக்கா போய் நியூயார்க் பக்கத்து டக்ஸிடோ பார்க் கிளப்காரர்கள் போட ஆரம்பித்து அந்த ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்டது.

அதோடு இடுப்பில் பட்டையாக ஒரு துணி கட்டுகிறார்களே, கம்மர்பண்ட், அது நம் பக்கத்துச் சரக்கு. பாரசீக, இந்துஸ்தானி வார்த்தை: கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு. இங்கே இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்கு வெயிஸ்ட் கோட் போட முடியாமல் நம்மவர்களைப் பார்த்துக் கட்டிக்கொண்டது. செங்கடல் புழுக்கத்தில் கோட்டையும் கழற்றிவிட்டு வெறும் வெள்ளைச் சட்டையும் கமர்பந்துமாகச் சாப்பிட உட்காருவதற்குக் கப்பற்படைக்காரர்கள் 'ரெட் ஸீ ரிக்' என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக, வேர்க்க ஆரம்பித்ததும் அவர்களே விதியைத் தளர்த்திக்கொண்டார்கள்.

இப்போது இன்னும் தளர்ந்துவிட்டது. நார்வீஜியன் கம்பெனி 2000-ல் ஃப்ரீஸ்டைல் என்று சொல்லி இந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. செலிப்ரிட்டி என்ற கம்பெனி 2015 கடைசியில் ஃபார்மல் என்ற பெயரை விட்டுவிட்டு 'ஈவினிங் ஷிக்' என்று மாற்றிக்கொண்டது. வைக்கிங் கம்பெனியின் கடல் கப்பல்களில் ஃபார்மல் நைட்டே கிடையாது. உங்களுக்கு இது ஒத்துவராது என்றால் அந்த மாதிரிக் கப்பலாகப் பார்த்து ஏறுங்கள். எனக்கென்னவோ, பக்கத்து வீட்டு வளைகாப்புக்கே மெனக்கெட்டு உடுத்திக்கொண்டு போகிற நாம் இதை மட்டும் வேஷம் என்று சொல்வது கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது.

கேள்வி: போன மாதம் ஒரு கப்பலில் ஃபார்மல் நைட்டுக்காக நானும் கணவரும் ஒரு மணி நேரம் அலங்காரம் செய்துகொண்டு போனோம். பக்கத்து மேஜையில் நான்கு பேர் ஷார்ட்ஸ், கால்பந்து பனியன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்குத்தான் கோமாளி மாதிரி இருந்தது. புகார் கொடுத்திருக்க வேண்டுமோ?
— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: விதி போட்டால் எல்லாருக்கும் போட வேண்டும், அதில் உங்கள் பக்கம்தான் நான். வாசலில் நிற்கிற பணியாளருக்குப் பயணியைத் திருப்பி அனுப்புவதில் இருக்கும் சங்கடம் கொஞ்சநஞ்சமில்லை, அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுகிறார், காசு கொடுத்து வந்தவரோடு யார் மல்லுக்கட்டுவது என்று. பயணம் முடிந்து வருகிற கருத்துப் படிவத்தில் எழுதுங்கள், அதை உண்மையிலேயே பார்ப்பார்கள் என்பது என் அனுபவம். அந்த மேஜைக்காரர்களிடம் போய் எதுவும் சொல்லாமல் வந்தீர்களே, அது நல்லது. ஒருவேளை அவர்கள் பெட்டி விமானத்தில் தொலைந்துபோயிருக்கலாம். நால்வர் பெட்டியுமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் கோமாளி என்று ஏன் நினைத்தீர்கள்? ஷார்ட்ஸ்காரர் பக்கத்தில் பட்டுப்புடவை உட்கார்ந்தால் யார் தப்பான இடத்துக்கு வந்தவர் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா என்ன?

கேள்வி: சல்வார் போதுமா, புடவைதான் கட்ட வேண்டுமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக. துப்பட்டாவில் கொஞ்சம் வேலைப்பாடு இருக்கட்டும். லெக்கிங்ஸ், டாப்ஸ் என்று இறங்கிவிடாதீர்கள்.

கேள்வி: ஃபார்மல் நைட் அன்றைக்கு மாடிப்படி பக்கத்தில் போட்டோக்காரர்கள் பிடித்துப் பிடித்து நிற்கவைக்கிறார்களே, எடுத்துக்கொண்டால் காசு கேட்பார்களா? வாங்கலாமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: நிற்பதற்குக் காசு இல்லை, வாங்கினால்தான். எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் நில்லுங்கள், மறுநாள் திரையில் பார்த்துப் பிடித்தால் மட்டும் வாங்குங்கள். நம் ஊர் ஸ்டூடியோ விலையை மனசில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஒரு பிரதிக்கே தூக்கிவாரிப்போடும். கும்பல் சேருவதற்கு முன், அதாவது முதல் வேளை டின்னருக்கு அரை மணி நேரம் முன்னால் போய்விட்டால் அவசரப்படுத்தாமல் எடுப்பார்கள், புடவைக் கொசுவத்தைச் சரிசெய்யவும் நேரம் இருக்கும்.

நாங்கள் ஒன்றே ஒன்று வாங்கினோம். பின்னால் வளைந்து வளைந்து ஒரு பிரமாண்டமான மாடிப்படி, சரவிளக்கு. பார்க்கிறவர்கள் எல்லாரும் "கப்பல் இவ்வளவு பெரிசா!" என்பார்கள். அது துணியில் அச்சடித்த படம். நிஜ மாடிப்படி அந்தத் துணிக்கு நேர் பின்னால் இருந்தது, அதில் அடுத்த குடும்பம் வரிசையில் உட்கார்ந்திருந்தது.